அண்டாவில் ஒரு சொட்டு

படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நூற்பாலையில் மெக்கானிக். கூட வந்திருந்த அவருடைய சித்தி, "என்னம்மா படிக்க?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

(தலையைக் குனிந்து "பிசிக்ஸ்" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது.)

"ஒளி ஒரு அலை அத்தை. ரெண்டு வெளிச்சம் ஒண்ணு சேர்ந்தா இருட்டுகூட வரும்" என்றேன்.

சித்தியின் முகம் கறுத்தது. "நல்ல காரியம் பேச வந்த இடத்துல, ரெண்டு சேர்ந்தா இருட்டுங்கியே தாயி!"

அத்தோடு விட்டேனா? நிரூபிக்கக் கிளம்பினேன். முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர். கை கழுவ வைத்தது என்று நானாக முடிவு கட்டி, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ரோஸ், பச்சை, நீலம் என்று வண்ணங்கள் விரிந்து பரவின.

"எண்ணெய்க்கு மேல பட்டு ஒரு அலை திரும்புது, அடியில பட்டு ஒரு அலை திரும்புது. மேடும் மேடும் சேர்ந்தா அந்த நிறம் பளிச்சுனு தெரியும். மேடும் பள்ளமும் சேர்ந்தா அணைஞ்சிரும்!"

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஏட்டி! குடிக்கத் தண்ணிட்டீ அது!"

குழாயில் வாரம் ஒருமுறைதான் நல்ல தண்ணீர் வரும். நாலு வீட்டில் குடம் குடமாகக் கேட்டு வாங்கி, விருந்துச் சமையலுக்கென்று அம்மா நிரப்பி வைத்திருந்தாள். இனி உலை வைக்க வழியில்லை. இருந்த கடம்பூர் போளியை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தோம். சித்திக்குத் தொண்டையில் அடைத்து விக்கல் எடுத்தது. குடிக்கத் தண்ணீர் ஏது? அப்பா செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடி, கலர் சோடா வாங்கி வந்தார்.

மாப்பிள்ளை மட்டும் அண்டாவை விட்டு நகரவில்லை. "தலையைச் சாய்ச்சா நிறம் மாறுதே, ஏன்?"

வெட்கப்பட வேண்டும் என்பதே மறந்துபோய், அரை மணி நேரம் விளக்கினேன்.

"ஏலே, கிளம்புதியா இல்லியா?" என்று சித்தி வாசலில் நின்று அதட்டினார்.

மூன்றாம் நாள் சம்மதம் சொல்லி ஆள் வந்தது. (அம்மா நம்பவில்லை; வீடு மாறி வந்துவிட்டாரோ என்று இரண்டு முறை கேட்டாள்.)

சித்திக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைத் தொடமாட்டார். "எனக்குக் கலரே வாங்கிட்டு வாங்க. அதுல என்ன கலந்திருக்குன்னு பாட்டில்லயாவது எழுதியிருக்கும்" என்பார்.