வடக்கரும் இரவு மெயிலும்

வடக்கு என்றொரு திசை இல்லாமல் இருந்திருந்தால் நான் ஓடுகிற கோச்சி வண்டியில் ஒருநாளாவது நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். வடக்கரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேவையர் கந்தோரில் காணி அளக்கச் சங்கிலி பிடித்து ஓய்ந்த மனுஷன். சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. அம்மாவுக்கு ஒருவழியில் தமையன் முறை. என்னைப் பெற்ற ஐயா கொழும்பில் உத்தியோகம் என்பதால், பள்ளிக்கூட விடுதலை வந்தால் நாங்கள் சுன்னாகத்தில் இரவு மெயில் ஏறுவோம். ஆண்துணைக்கு வடக்கர் வருவார். வினையும் கூடவே வரும்.

வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் வீடு அசையாமல் நிற்கும். பாயை ஒருதரம் சரியாகப் போட்டால் போதும். கோச்சி அப்படியா? ஆனையிறவில் ஒரு திருப்பம், பொல்காவலையில் ஒரு திருப்பம். ஒவ்வொன்றுக்கும் எங்களை எழுப்பித் தலைமாட்டைக் கால்மாடாக்குவார்.

அவர் மடியில் ஒரு திசைகாட்டி இருக்கும். பெட்டியின் இரும்புக்கு ஊசி தலைவிரித்து ஆடும் என்று அதை யன்னலுக்கு வெளியே நீட்டி, தானும் எட்டிப் பார்ப்பார். முகமெல்லாம் கரி. அந்தக் கரிமுகம் குனிந்து "எழும்பு பிள்ளை" என்றால் யாருக்குக் குலை நடுங்காது?

ஒருமுறை பக்கத்துப் பெட்டியில் குறட்டை விட்ட முதலியாரையும் எழுப்பிவிட்டார். கார்ட் வந்து, மதவாச்சியில் இறக்கிவிடுவேன் என்று சத்தம் போட்டார்.

"இறக்கிறதெண்டால் இறக்கும். முதல்லை அந்த முதலியாரைத் திருப்பிப் படுக்கச் சொல்லும்."

இதையெல்லாம் பொறுத்தேன். அம்மா வயிற்றில் கட்டி வந்து, கொழும்பில் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பிய பயணத்தில்தான் பொறுமை போனது. தையல் ஆறவில்லை, ஆளை அசைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐயாவுக்கு லீவு இல்லை. துணைக்கு வந்தது வேறு யார்?

ஆனையிறவு தாண்டி, விடியும் நேரத்தில் கோச்சி மேற்கே திரும்பியது. திசைகாட்டி வெளியே போனது. நான் எழுந்து அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"பிள்ளை, கொம்மாவின்ரை தலை வடக்கிலை கிடக்குது."

"கிடக்கட்டும் மாமா. யாழ்ப்பாணமே வடக்கிலைதானே கிடக்குது?"

"ஊர் கிடக்கலாம். தலை கிடக்கப்படாது."

"தையல் பிரிஞ்சால் உங்கடை திசைகாட்டியே வந்து தைக்கும்? அம்மாவிலை கை வைச்சியள் எண்டால் கோச்சியை நிப்பாட்டுவன்."

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சால்வையை உதறி, அம்மாவின் படுக்கைக்குக் கீழே தரையில் விரித்துப் படுத்தார். தலை வடக்கே.

"என்ன மாமா செய்யிறியள்?"

"வாறது என்னிலை வரட்டும். தங்கச்சி படுக்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, பயம் அவரை விடவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யாழ்ப்பாணம் வரும்வரை தேவாரம் முணுமுணுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்தது. இப்படி ஒரு விசரனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அம்மாவுக்குத் தையல் ஆறியது. வடக்கருக்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த விடுதலைக்கே ஆனையிறவில் அந்தக் கரிமுகம் குனிந்தது.

"எழும்பு பிள்ளை."

வாய் ஓயாமல் திட்டிக்கொண்டுதான் எழும்பினேன். அம்மாவின் தலையணையைத் திருப்பிப் போட்டேன், என்னுடையதையும் திருப்பினேன். பிறகு எட்டி, மேல்தட்டில் கிடந்த அவருடைய தலையணையையும் திருப்பிப் போட்டேன்.