என் பிஸ்டலுக்கு நான் வைத்த குங்குமம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செய்ததில் தவறு எதுவும் இல்லை. படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். என் குடும்பம் சிரிக்கிறது, என் கிளப் சிரிக்கிறது, என்னிடம் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களில் சிலர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சிரிக்கிறார்கள். தாராளமாகச் சிரியுங்கள். வீட்டுக்கு வந்த புதுப்பொருளைப் பொட்டு வைக்காமல் தொடுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். இப்போது சிட்னியில், செவன் ஹில்ஸில் பல் மருத்துவர். நாற்பதைத் தாண்டிய என் தோழிகள் எல்லாம் யோகா, ஜூம்பா என்று போனபோது நான் பிஸ்டல் சுடும் கிளப்பில் சேர்ந்தேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவளுக்குக் கொஞ்சம் எட்டத்தில் இருக்கிற எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

கிளப் பிஸ்டல்கள் எல்லாம் என் கைக்குப் பெரியவை. உரலைத் தூக்கிக் குறிபார்ப்பது மாதிரி இருக்கும். அதனால் சட்டம் அனுமதிப்பதிலேயே சின்னதாக, கைக்கு அடக்கமாக ஒன்று வாங்க முடிவு செய்தேன். பாதுகாப்பு வகுப்பு, லைசென்ஸ், போலீஸ் சரிபார்ப்பு, சுவரோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டி, அதற்குமேல் காத்திருப்பு. (என்னைக் கட்டிக்கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை.)

பிஸ்டல் வந்து சேர்ந்த வாரம் ஆயுத பூஜை. இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்? கார் சாவி, மிக்ஸி, மகளின் லேப்டாப், என் பல் பிடுங்கும் குறடு எல்லாவற்றோடும் காலிப் பிஸ்டலையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். என் கணவர் சுந்தர் பதறிப்போனார்.

"கோமதி, சாமி முன்னால துப்பாக்கியா?"

"துர்க்கை கையில என்ன பூங்கொத்தா இருக்கு? இன்னைக்கு ஆயுத பூஜைங்க. இந்த வீட்டுலயே நெஜமான ஆயுதம் இது ஒண்ணுதான்."

பிஸ்டலின் மேல்பக்கம் சந்தனம் தீற்றி, தாராளமாகக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, திரும்பப் பெட்டியில் பூட்டினேன். சாமிக்கு வைத்த குங்குமத்தை நானே துடைப்பதா? துடைக்கவில்லை. போதாததற்குப் புதுப்பொருள் துருப்பிடிக்கக் கூடாது என்று, இட்லித் தட்டுக்குத் தடவுவது மாதிரி எண்ணெயும் தடவி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிளப்பில் அணித் தேர்வு. மெல்போர்னில் நடக்கும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஓர் அணி போகும். அதில் ஓர் இடம் காலி. அந்த இடத்துக்கு நானும் கெவின் என்ற ஓய்வுபெற்ற வாத்தியாரும்தான் போட்டி. எனக்கு அந்த இடம் வேண்டும். வெறியோடு வேண்டும். காரணம், மெல்போர்னில் கிரான்பர்னில் இருக்கிற வசந்தா மதினி. சுந்தரின் அக்கா. பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், நான் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து போனில் சொல்லிவந்ததை இப்போது நேரிலேயே சொன்னார்.

"பல்லு புடுங்குத கைக்கு எதுக்குட்டி துப்பாக்கி? ஊருக்குள்ள கேட்டா சிரிக்க மாட்டாவளா?"

"நீங்களே வந்து பாருங்க மதினி, அப்புறம் சிரிங்க" என்று ரோஷத்தில் அவரையும் கூட்டிப்போனேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அன்று லாரி வைத்துக் கொட்டிக்கொண்டேன்.

பட்டுப்புடவையும் ஜிமிக்கியும் அதற்குமேல் காது மூடியுமாக மதினி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். காதை மூடினால் தன் பேச்சும் யாருக்கும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போல. "சுந்தரு, இவ ஏன் இப்படி நிக்கா? இடுப்புப் பிடிப்பா?" என்று அவர் கேட்டது கடைசி வரிசை வரை கேட்டது. நல்லவேளை, தமிழ்.

முதல் குண்டு, நடுவில். இரண்டாவது, அதன் பக்கத்திலேயே. மூன்றாவது சுட்டதும் பிஸ்டல் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. வாங்கி முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை!

இந்த மாதிரி நேரத்தில் பிஸ்டலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே தூக்கி, அதிகாரி வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றேன். அக்டோபரிலேயே கொளுத்திய வெயில், பயம், வியர்வை. சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து, பிஸ்டலிலிருந்து இறங்கி என் விரல் வழியாக மணிக்கட்டுக்குச் சிவப்பாக வழிய ஆரம்பித்தது. எனக்குத் தெரியவில்லை. நான் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் மதினி, நான் ஆண்டவனை நோக்கிக் கையைத் தூக்கிவிட்டேன் என்று நினைத்துத் தானும் இரண்டு கையையும் தூக்கி "முருகா! முருகா!" என்றார்.

சுடுதளத்து அதிகாரி பீட்டர் வந்தார். என் கையைப் பார்த்தார். அந்தச் சிவந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!"

மொத்தச் சுடுதளமும் நின்றது. எல்லாரும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். முதலுதவிப் பெட்டியோடு ஒரு பெண் ஓடிவந்தார். பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். "இது ரத்தமில்லை" என்று நான் சொல்லச் சொல்ல, "ஷாக், அப்படித்தான் பேசுவாங்க" என்று என் கையில் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே இருந்தார் அந்தப் புண்ணியவதி. "ஏட்டி கோமதி! கையில ரத்தம்டீ! அந்தச் சனியன் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று மதினி ஒப்பாரியே வைத்துவிட்டார். தினமும் ரத்தத்தைப் பார்க்கிற தொழில் என்னுடையது. அன்று எனக்கு முதலுதவி செய்ததெல்லாம் குங்குமத்துக்கு!

கடைசியில் சுந்தர்தான் வந்து ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் விளக்கிய லட்சணத்தில் பீட்டர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: நான் பிஸ்டலுக்கு மேக்கப் போட்டிருக்கிறேன், அதனால் அது நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெவின் ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். "பவுடர் உள்ளே போயிருக்கும், வேறென்ன" என்றார் பீட்டர். சுந்தரும் மெதுவாக, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவமானமெல்லாம் அந்த நிமிஷமே ஆவியாகிவிட்டது.

"திறங்க. உள்ள பாக்கணும்" என்றேன்.

பீட்டர் மேஜையில் வைத்துக் கழற்றினார். கட்டுப் போட்ட கையோடு குனிந்து, ஒரு டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். குங்குமம் எல்லாம் வெளியில்தான். உள்ளே ஒரு பொட்டுகூட இல்லை. காலித் தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கிற குட்டிக் கொக்கி இருக்கிறதே, அதன் நுனியைக் காணோம். உடைந்த இடம் புத்தம் புதுசாகப் பளபளத்தது. உடைந்த பல்லை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். மோதி உடைந்ததா, உள்ளுக்குள்ளேயே பலமில்லாமல் உடைந்ததா என்று எனக்கா தெரியாது?

"இது குங்குமம் செஞ்ச வேலையா?" என்று பீட்டரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்து, "இல்லை, கொக்கி உடைஞ்சிருக்கு" என்றார். சிரித்த அத்தனை பேர் முன்னாலும் அதை இன்னொரு முறை சத்தமாகச் சொல்லவைத்தேன்.

கிளப் பிஸ்டலில் மறுபடி சுட அனுமதி தந்தார்கள். அதே உரல். கட்டுக் கையோடு சுட்டேன். இடம் கெவினுக்குப் போனது. காருக்குள் வந்து அழுதேன், மறைப்பானேன்.

மறுநாள் பிஸ்டலைக் கடைக்கு எடுத்துப்போனேன். மதினியும் கூட வந்தார். கடைக்காரர் வெளியில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்ததும், "வெளிப்பொருள் பட்டிருக்கு, வாரண்டி வராது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மதினி முன்னால் வந்துவிட்டார். அவருடைய இங்கிலீஷை நான் இங்கே தமிழில்தான் எழுத முடியும்.

"வெளிப்பொருளா? என் வாஷிங் மெஷினுக்கு வருஷா வருஷம் வைக்கேன். பத்து வருஷமா ஓடுது. என் காருக்கு வைக்கேன், அதுவும் ஓடுது. எங்க ஊர்ல பஸ்ஸுக்கு வைப்போம், கிரேனுக்கு வைப்போம். உங்க சாமான் ஒரு பொட்டுக்குத் தாங்காதுன்னா அதை ஏன் விக்கிதீக?"

துப்பாக்கியைத் திட்டினால் மதினிக்குச் சம்மதம், அவரே திட்டுவார். குங்குமத்தைக் குறை சொன்னால் விடுவாரா? கடைக்காரர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, பிஸ்டலை வாங்கிக்கொண்டார். புதுக்கொக்கி போட்டுத் திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன். துடைக்கவில்லை. அடுத்த வருஷத் தேர்வில் பீட்டர் முதலுதவிப் பெட்டியை என் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அதை ஒரு முறை முறைத்துவிட்டுச் சுட்டு அணியில் இடம் பிடித்தேன்.

அந்தப் போட்டிக்கு மெல்போர்ன் போனபோது மதினி ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்திருந்தார். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் இந்தக் கதைதான், அதுவும் அவர் சொல்லுகிற மாதிரி.

"எங்க கோமதி இருக்காளே, கை பொளந்து முழங்கை வரைக்கும் ரத்தம். துப்பாக்கிய கீழ விட்டாளாங்கிய? விடலயே!"

"மதினி, அது குங்குமம். உங்களுக்கே தெரியும்."

"நீ சும்மா இருட்டி. குங்குமம்னு சொன்னா எவ நம்புவா?"