பேரனுக்கு என் பெயர் வேண்டாம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம்; என் இடது முழங்காலை மட்டும் இந்த நலத்தில் சேர்க்க வேண்டாம். பிறந்து பதினோரு நாளே ஆன பேரன் நலமாக இருப்பதை நேற்று போனில் அவன் போட்ட கூச்சலிலிருந்தே தெரிந்துகொண்டேன். மகளைக் கொஞ்சம் தூங்கவிடவும்.

நிற்க. பையனுக்கு இந்தப் பெயரை வைக்கலாமென்று இருக்கிறோம், மாமா என்ன நினைக்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய ஒற்றை வரியை உங்கள் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். என் பெயர்! முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊர் மாடியெல்லாம் ஏறி இறங்கியவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுநடுவே "சரி மாமா, சரி மாமா" என்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

இந்தப் பெயர் எனக்கு மட்டும் சொந்தமில்லை. இதய அறுவை நிபுணர் ஒருவர், சினிமாப் பாடகர் ஒருவர், புத்தகங்களைக் கிழித்துத் தோரணம் கட்டும் பத்திரிகை விமர்சகர் ஒருவர் என்று மூன்று பிரபலங்கள் இதே நகரத்தில் இதே பெயரோடு இருந்தார்கள். வேலையில் இருந்தவரை எனக்கும் அவர்களுக்கும் ஒரு வம்பும் வந்ததில்லை. சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு போகிறவனை யார் டாக்டர் என்று நினைக்கப்போகிறார்கள்? ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை செய்து கொடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. பலகையில் பெயர் இருந்தது, தொழில் இல்லை.

அதை வாசலில் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் கணவரின் பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வந்து கதவைத் தட்டினாள். நான் லிஃப்ட் மெக்கானிக் அம்மா என்றேன். "பெரியவங்க எல்லாம் இப்படித்தான் அடக்கமா பேசுவாங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் என் அடக்கம்தான் வளர்ந்தது. கணவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதாம், இடது கை மரத்துப்போகிறதாம், டாக்டரிடம் போகலாம் என்றால் வெறும் வாயு என்று மழுப்புகிறாராம். எனக்கும் பாவமாக இருந்தது. "அம்மா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஓடுற சத்தம் மாறிடுச்சுன்னா அன்னைக்கே நிறுத்தித் திறந்து பார்த்துடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா பாதியில நின்னுடும்" என்றேன். நான் சொன்னது மோட்டாரை. முகம் வெளுத்து எழுந்து போனவள், அன்றைக்கே கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று அடைப்பு. அசல் டாக்டர் திறந்து சரிசெய்தார், ஆள் பிழைத்துக்கொண்டார். "நீங்கதானே வீட்ல வச்சே திறக்கணும்னு சொன்னீங்க" என்று, முகக்கவசத்தோடு வெளியே வந்தவரைப் பார்த்து அவள் கைகூப்பியபோது அந்த டாக்டர் தன் ஞாபகசக்தியைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டதாகக் கேள்வி.

இது நல்லபடியாக முடிந்தது என்று இருக்கும்போது கவிஞர் ஒருவர் குடையும் கையுமாக வந்தார். மழை இல்லை. "என்னோட பன்னிரண்டு வருஷ உழைப்பைப் பிழியாத துணின்னு எழுதினது நீங்கதானே?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். நீங்களே சொல்லுங்கள், அழுகிற மனிதரிடம் ஆள் மாறிவிட்டது என்று எப்படி அடித்துச் சொல்வது? சொன்னேன், காதில் விழவில்லை. உங்கள் அத்தை டீ கொடுத்தாள். கடைசியில், "விடுங்க சார், நான் எழுதியிருந்தா அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவர் பேட்டி: விமர்சகர் வீட்டில் வைத்தே தன் தவறை ஒப்புக்கொண்டாராம், டீயும் கொடுத்தாராம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விமர்சகரே வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என் பேரை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணிட்டிருக்கீங்க?"

"சார், நான் உங்களைவிட ஒன்பது வயசாவது மூத்தவனா இருப்பேன். யார் பேரை யார் வச்சுக்கிட்டதுன்னு நீங்களே யோசிங்க."

யோசிக்கிற ஆளாகத் தெரியவில்லை. வக்கீல், நோட்டீஸ் என்று இரண்டு சொல் உதிர்த்துவிட்டு லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் போனை எடுத்து வாட்ச்மேனிடம் தன் பெயரைச் சொல்லி, மாட்டிக்கொண்டேன் என்றிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான். "சார், என்கிட்டயே விளையாட்டா? நீங்களே சரி பண்ணிட்டு வாங்க" என்று வாட்ச்மேன் வைத்துவிட்டான். மறுபடி போன். "என்னைத் தெரியாதா உனக்கு? நாட்டுக்கே தெரியுமே!" "தெரிஞ்சதாலதான் சார் சொல்றேன்." இப்படியே நாற்பது நிமிஷம். நான் மருந்து வாங்கப் படியில் இறங்கி வந்தபோது வாட்ச்மேன் பேயைப் பார்த்தவன்போல் எழுந்து நின்றான். "சார்... நீங்க லிஃப்ட்ல இல்ல இருக்கீங்க?"

எட்டு மாடி படியேறினேன். முழங்கால் போனது அன்றைக்குத்தான். மொட்டைமாடி மோட்டார் அறையில் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். விமர்சகர் சட்டை வியர்வையில் நனைந்து வெளியே வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அவன் யாருன்னு நினைச்சு என்கிட்ட பேசினான்?"

"நான்னு நினைச்சு."

"உங்களுக்கு இது எத்தனை நாளா நடக்குது?"

"ஏழு மாசமா."

"எனக்கு நாப்பது நிமிஷமே தாங்கல" என்றார். நோட்டீஸைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. மீதிப் படிகளை நடந்தே இறங்கிப் போனார்.

இத்தனையையும் சிரித்துத் தள்ளிவிடலாம், மாப்பிள்ளை. போன மாதம் பாடகர் இறந்துபோனார். ரேடியோவில் பெயர் மட்டும் கேட்ட உறவுக்காரர்கள், பத்து வருஷமாகப் பேசாதவர்கள்கூட, போன் செய்து துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "குளிச்சிட்டிருக்காரு, வந்ததும் சொல்றேன்" என்று உங்கள் அத்தை எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். நான் துண்டோடு வந்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டுக்குப் பாட்டு என் பெயரைச் சொல்லி யார் யாரோ உருகிப் பேசினார்கள். கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்பது தெரிந்தும்தான்.

ஆகவே, யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்துக் குழந்தைக்கு வைக்கவும். நல்லதோ கெட்டதோ, அவனுக்கு வருவது அவன் பெயருக்கே வரட்டும். மகள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். பேரனின் இரண்டு கன்னத்துக்கும் ஆளுக்கொன்றாக எங்கள் முத்தங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
(பெயர் தாங்கள் அறிந்ததே)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். கடிதத்தின் சாரத்தைச் சொன்னேன். "அப்பா... அது அவரோட ஆபீஸ் டைரக்டர் பேருப்பா. அவர்தான் இவருக்கு பிரமோஷன் குடுத்தாரு. உங்க பேரும் அதுதான்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. நான் உங்களை அப்பான்னும் அவர் மாமான்னும்தானே கூப்பிடுறோம்" என்றாள். பேரன் விஷயத்திலும் என் பெயர் இன்னொருவர் கணக்கில் போகவா? அப்படியானால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அதே பெயரை வையுங்கள், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கேட்பவர்களிடம் தாத்தா பெயரை வைத்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். டைரக்டர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். எடுத்துக்கொண்டாலும் இனி செய்வதற்கில்லை. உங்கள் அத்தை மாடிமாடியாகப் போய் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.