மிஸ், இன்னைக்கும் ஆச்சரியப்படணுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று, கையில் ஆதாரம் இல்லாவிட்டாலும், நம்புகிறேன். இங்கே நான் சுகம். இதற்கு நானே ஆதாரம்.

போன கடிதத்தில் நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "ஆசிரியர்களை உருவாக்குகிற உங்களுக்கே உருவாக்கத் தெரியவில்லை என்று அரசாங்கம் கண்டுபிடித்திருக்கிறதே, அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது யார்?" என்று கேட்டிருந்தாய். எங்கள் பழைய மாணவர்கள்தான் என்றால் நாங்கள் அவ்வளவு மோசமில்லை என்றாகிறது. மோசம்தான் என்றால் அவர்கள் கண்டுபிடித்தது செல்லாது. யோசித்துப் பார்த்துவிட்டுத் தலைவலி வருமுன் நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் பட்டதாரி ஆசிரியர் பயிற்சித் துறையில் படித்தவர்களில் பாதிப் பேர் தகுதித் தேர்வில் தேறுவதில்லை, தேறியவர்களில் பாதிப் பேர் முதல் வருடமே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்று அரசு எங்களைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. அதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பார். முன்னேற்றம் தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை கிடையாது. சேர்க்கை இல்லையென்றால் துறை இல்லை. துறை இல்லையென்றால் நான் பல்கலைக்கழக ஆவணக் கிடங்கில் உட்கார்ந்து தூசி தட்ட வேண்டியதுதான். இதைக் கேட்டதும் நீ என்னை விருப்ப ஓய்வில் அழைத்துக்கொள்ள மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டதாக அண்ணி சொன்னார். அன்புக்கு நன்றி. ஆனால் அந்த அறையில் உன் பழைய சைக்கிள்கள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் துறைத்தலைவரை நாங்கள் 'மேற்படி' என்போம். மேற்படி காபி ஆறிவிட்டது, மேற்படி மழை வருகிறது என்றுதான் அவர் பேசுவார். முன்னேற்றம் காட்டச் சொன்னால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஒத்திகை. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இரவல் வாங்கி, நல்ல குரல் உள்ள ஒரு பயிற்சி மாணவனைப் பிடித்து (வானொலி என்று பெயர்), பாடத்திட்டத்தில் 'இந்த இடத்தில் மாணவர்கள் ஆச்சரியமடைகிறார்கள்' என்று எழுதி, அந்தப் பிள்ளைகளை வாரம் முழுவதும் ஆச்சரியப்பட வைத்தார். நேற்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கொட்டாவி விட்டபடி கேட்டாள்: "மிஸ், இன்னைக்கும் ஆச்சரியப்படணுமா?" எனக்கு அவள்மேல் மரியாதை உண்டாயிற்று.

அதிகாரி நாளைக்கு வருவதாகத்தான் தகவல். ஆனால் இவர்கள் முதல்நாளே சொல்லாமல் வந்து நிற்பார்கள் என்று ஒரு வதந்தி. அப்படியே ஆயிற்று. இன்று காலை சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு பட்டியலுமாக ஒருவர் எங்கள் நடைபாதையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். மேற்படி அவரிடம் பறந்தோடிப் போனார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் "வாங்க சார், வாங்க, மேற்படி வகுப்பு தயாரா இருக்கு" என்று தோளைத் தொட்டுத் திருப்பி, காபி கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

தயாராக எதுவும் இல்லை. இரவல் பிள்ளைகள் இல்லை, வானொலிக்குத் தொண்டை கட்டியிருந்தது. பலகை முன்னால் நின்றிருந்தவள் 'மன்னிக்கணும்'. எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல்லில் தொடங்குவதால் அந்தப் பெயர். தன் வகுப்புத் தோழர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்துப் பின்ன வகுத்தல் நடத்திப் பழகிக்கொண்டிருந்தாள். "மன்னிக்கணும், ரெண்டாவது பின்னத்தைக் கவுத்துப் போட்டுப் பெருக்கணும்" என்றாள். கடைசி பெஞ்சில் கை உயர்ந்தது.

"ஏம்மா கவுக்கணும்?"

பின்னால் நின்றிருந்த நாங்களெல்லாம் முதுகலை, முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தோம். அவர் விடவில்லை. "பாதியைப் பாதியால வகுத்தா ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. வகுத்தா குறையத்தானே செய்யணும்? எப்படிக் கூடுது?"

'மன்னிக்கணும்' சாக்கட்டியை உருட்டினாள். பிறகு சொன்னாள்: "மன்னிக்கணும் சார், எனக்கும் தெரியாது. கவுக்கச் சொன்னாங்க, கவுத்துட்டேன். இருங்க, சேர்ந்து யோசிப்போம்."

அண்ணா, அந்த நொடியில் ஆவணக் கிடங்கின் வாசனையே எனக்கு வந்துவிட்டது. அவளோ அவர் குடித்து வைத்த காகிதக் கப்பை எடுத்துப் பாதிவரை தண்ணீர் ஊற்றினாள். "இதுல அரை கப்பு எத்தனை இருக்கு?" "ஒண்ணு." "அவ்வளவுதான் சார். வகுக்கிறதுன்னா, அது இதுக்குள்ள எத்தனை தடவை இருக்குன்னு கேக்கிறது. சரி, இதுல கால் கப்பு எத்தனை?" "ரெண்டு... அட!" என்று அவர் பெஞ்சைத் தட்டினார். "வகுத்தாலே குறையும்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்! என் பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்!"

போகும்போது "இன்னொரு சந்தேகம் இருக்கு, நாளைக்கு வர்றேன்" என்றார். வேறு ஏதோ சொல்லவும் முயன்றார். மேற்படி விடாமல் வாசல்வரை கொண்டுபோய் விட்டார். நடைபாதை மூலையில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டாராம். "பாதுகாப்பைக்கூடக் கவனிக்கிறார், மேற்படி நபர் கண்டிப்பானவர்" என்று எங்கள் தலைவருக்கு ஒரே பூரிப்பு. நான் எதையும் எளிதில் நம்புகிறவளில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் பெஞ்சைத் தட்டிச் சிரித்த அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. துறை பிழைத்தது. வெள்ளையடிப்பதை நிறுத்து, சைக்கிள்களைத் திரும்ப ஏற்றிவிடு.

அண்ணியின் முட்டிவலியை நான் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு. கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் உன்னிடம் கேட்க வேண்டாம் என்ற அறிவுரையும்.

உன் பிரியமுள்ள தங்கை

பின்குறிப்பு: வீட்டில் தபால்தலை இல்லாததால் கடிதம் நேற்றுப் போகவில்லை. நல்லதாயிற்று, ஏனென்றால் மேலே எழுதியதில் அந்த மனிதரைப் பற்றிய எதையும் நம்ப வேண்டாம். இன்று காலை குடையும் கையுமாக ஓர் அம்மாள் வந்து, "நான்தான் கண்காணிப்பு அதிகாரி" என்றார். மேற்படி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வானொலி கரகரத்த குரலில் ஒத்திகைப் பாடத்தைத் தொடங்க, முன்வரிசைச் சிறுமி எழுந்து, "சார், இப்பவே ஆச்சரியப்படவா, அப்புறமா?" என்றாள். குடை அம்மாள் பேனாவை மூடி வைத்தார். அதோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது கதவு திறந்து சாம்பல் சட்டைக்காரர் வந்து, யாரும் சொல்லாமலே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கை தூக்கினார்.

"நீங்க யாரு?" என்று அம்மாள் கேட்டார்.

"தீயணைப்புக் கருவி பரிசோதிக்க வந்தவன்மா. நேத்தே வந்தேன். யாரும் கேக்கலை, காபி குடுத்து உட்கார வெச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு எங்க? கால் பங்கைப் பாதியால வகுத்தா என்ன வரும்னு கேக்கணும்."

அண்ணா, வினா கேட்கும் திறனை நாங்கள் பதினொரு பேர் ஒரு தனிப் பாடமாகவே நடத்துகிறோம். 'நீங்கள் யார்' என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

'மன்னிக்கணும்' கப்போடு வந்தாள். "கால் கப்புத் தண்ணி. இதுல அரை கப்பு எத்தனை இருக்கு?" முன்வரிசைச் சிறுமி, "ஒண்ணுகூட இல்லையே... இருங்க, பாதிதான் இருக்கு. அய்யோ, விடை பாதி!" என்று வாயைப் பிளந்தாள். யாரும் ஒத்திகை பார்க்காத வாய் அது.

போகுமுன் அம்மாள் மேற்படியிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லத் தெரியுது. உங்க பதினொரு பேருக்கும் அதைக் கத்துக்குடுக்கச் சொல்லுங்க. ஒரு வருஷம் தர்றேன், சேர்க்கை நடத்துங்க."

ஆக, நாங்கள் இப்போதைக்குத் தேறிவிட்டோம். சாயங்காலம் சாம்பல் சட்டைக்காரர் ஒருவழியாக வந்த வேலையைச் செய்தார். தீயணைப்புக் கருவி தேறவில்லை.