தங்களைப் பூதமாகத் தேர்ந்தெடுத்தது தொடர்பாக

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, தங்கள் மகள், தங்கள் மருமகன் நால்வரும் நலம். தங்கள் நலமும், தங்கள் முழங்காலின் நலமும், முக்கியமாகத் தங்கள் கோபத்தின் தற்போதைய நிலவரமும் அறிய ஆவல். சென்ற திங்களன்று தொலைபேசியில், "என்னைப் பூதமாக்கி ஓநாய்க்குப் போட்டீங்களாமே, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். பிறகு நான்கு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுப் படுங்கள், பாதியில் வேண்டாம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வான்? முதல் வாரம் சமையலறையில் இருந்த ஆறு டம்ளர்களையும் அளந்தேன். ஆறும் ஆறு அளவு. இரண்டாம் வாரம் என் மனைவி ஏறி நின்று பார்க்கும் தராசைச் சோதித்து, "இது பொய் சொல்லுது, உண்மையில நீ இன்னும் ரெண்டு கிலோ கூட" என்று கடமை உணர்வோடு அறிவித்தேன். அத்துடன் வீட்டில் எனக்குப் பேச்சும் நின்றது, காப்பியும் நின்றது. இதைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் தங்கள் மகள், "மாமா, ஞாயித்துக்கிழமை நாங்க விளையாடறப்ப நீங்களும் வந்து உக்காருங்க. அத்தைக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கதை சொல்லியே ஆடும் விளையாட்டு. கதையை நடத்துபவள் தங்கள் மகள். மற்றவர்கள் "வெட்டினேன்", "தாண்டினேன்" என்பார்கள். வெட்டு விழுந்ததா, தாண்டினவன் விழுந்தானா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் அமோகம். ஒன்று விழுந்தால் ஆள் காலி. யார் எங்கே நிற்கிறார் என்று காட்ட ஆளுக்கொரு கட்டைவிரல் உயரப் பொம்மை. "உங்க பொம்மைய நீங்களே போய்ப் பாத்து எடுங்க மாமா, மனசுக்கு நெருக்கமா இருக்கணும்" என்றாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடையில் அலமாரி அலமாரியாக ஆயிரம் பொம்மைகள். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீங்க யாரு சார்?" என்றார். "ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர்" என்றேன். "அது இல்ல சார், விளையாட்டுல யாரு?" எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? எடுத்துப் பார்த்தேன். ஒரு வீரனின் வாள் அவனைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். உறையிலிருந்து உருவ அவன் நாற்காலிமேல் ஏற வேண்டும். ஒரு மந்திரவாதியின் தாடி பாதத்துக்குக் கீழே போகிறது. அவனுக்கு எதிரி வேறு தேவையில்லை, மாடிப்படி போதும். இன்னொருத்தி தோளுக்கு இரும்பு, முழங்காலுக்கு இரும்பு போட்டுக்கொண்டு வயிற்றைத் திறந்து விட்டிருக்கிறாள். "அம்பு விடறவன் தோளைத்தான் குறி பாப்பானா?" என்றேன். கடைக்காரர் தண்ணீர் குடித்தார். பெட்டியில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்த பொம்மையை என் கருவியால் அளந்தேன், முப்பத்தொன்று! "சார், இதெல்லாம் பாதத்துலேர்ந்து கண்ணு வரைக்கும்தான் அளப்பாங்க" என்றார். "அப்ப நெத்தி இலவசமா?" என்று கேட்டேன். அவர் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். இப்படி மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் அவர், திறந்திருந்த கடையில், "மூடியுள்ளது" என்ற பலகையைத் திருப்பி வைக்கப் பார்த்தார்.

அன்றுதான், சம்பந்தி, கீழ்த்தட்டின் மூலையில் தங்களைக் கண்டேன். குட்டையான, திடமான உருவம். ஒரு கை இடுப்பில். மறு கை விரல் நீட்டி யாருக்கோ உத்தரவு போடுகிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. மீசை அந்த வாயைக் காவல் காக்கிறது. கல்யாணத்தன்று வாசலில் நின்றுகொண்டு, எந்தக் காரை எங்கே நிறுத்துவது என்று டிரைவர்களை விரட்டினீர்களே, அச்சு அசல் அதே நிலை! பெட்டியில் "பாலத்தடிப் பூதம்" என்று போட்டிருந்தது உண்மைதான். ஆனால் நான் பெட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். முன்பின் தெரியாத காட்டுக்குள் போகப் போகிறோம், நம்மவர் ஒருவர் கூட இருந்தால் தைரியம் என்று நினைத்தேன். இது அவமானமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தங்களுடைய நீலச் சட்டையின் நிறத்தையே தீட்டினேன். மச்சத்தை ஊசி முனையால் வைக்கும்போது, "வலது கன்னம் இல்லீங்க, இடது" என்று திருத்தியது என் மனைவி. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆக, பழியில் பாதி அவளுக்கு. நன்றியில் முழுதும் தங்களுக்கு.

ஞாயிறன்று மேஜையில் என் மகன், மாடியில் குடியிருக்கும் பல் மருத்துவர், நான். எதிரே தங்கள் மகள். பொம்மையை எடுத்து வைத்தேன். "அய்யோ, அப்பா!" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. ஒரு மணி நேரம் தாங்கள் பிரமாதமாகப் போரிட்டீர்கள். பிறகு காட்டில் ஏழு ஓநாய்கள் சூழ்ந்தன. நான் பகடையை உருட்டினேன். ஒன்று.

தங்களை ஓநாய்கள் எப்படித் தின்றன என்று அவள் கதை சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள், மூடினாள். "வேற ஏதாவது பண்ணிக்கலாமா?" என்றாள். பல் மருத்துவர் பல்லைப் பிடுங்குவதுபோலவே பேசுபவர்: "விதி விதிதாம்மா. போன வாரம் என் ஆளு செத்தப்ப யாராவது பாவம் பாத்தீங்களா? சாரையே கேப்போம். முப்பத்தஞ்சு வருஷம் ஒரு கிராம் விட்டுக் குடுக்காதவரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தங்கள் மகளைப் பார்த்தேன். அவள் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பகடை பிஸ்கட் தட்டுல உரசிடுச்சு டாக்டர். செல்லாது" என்றேன். பகடைக்கும் தட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அளக்காமலே தெரிந்தது. என் வாழ்நாளில் நான் கொடுத்த முதல் பொய்ச் சான்றிதழ் அது, சம்பந்தி. மறுபடி உருட்டினேன், பதினான்கு. தாங்கள் ஒரு மரத்தில் ஏறிப் பிழைத்தீர்கள், முழங்கால் வலியோடு.

பிறகு சமையலறையில் அவள் என் பக்கத்தில் வந்து நின்று, "போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாரே மாமா, அது ஞாபகம் வந்துடுச்சு. சொல்ல வாய் வரல" என்றாள். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவிய டம்ளரையே மூன்று முறை கழுவினேன்.

இதைத்தான் என் மகன் தங்களிடம், "உங்களைப் பூதமா வச்சு விளையாடினோம், ஓநாய் வந்துச்சு" என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறான். அவன் சுருக்கினால் மிச்சம் இருப்பது சண்டை மட்டும்தான். நடந்தது இதுவே. தங்கள் மனம் நொந்திருந்தால் இரு கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தங்கள் ஆயுள், எந்தப் பகடையையும் கேட்காமல், தன்பாட்டுக்கு நீளட்டும்.

இங்ஙனம்,
அளவற்ற வருத்தத்துடன்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தாங்கள் அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஓர் எலும்புக்கூடு. அதற்கு மெல்லிய தூரிகையால் என் மூக்குக்கண்ணாடியை வரைந்து, விலா எலும்பில் என் பேனாவைச் செருகி, கையில் நூலால் ஓர் அளவு நாடாவும் கொடுத்திருக்கிறீர்கள். ஆக, தாங்களும் கடைக்குப் போயிருக்கிறீர்கள். அத்தனை அலமாரியையும் பார்த்துவிட்டு, கடைசியில் இதுதான் நான் என்று எடுத்திருக்கிறீர்கள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு, தெரிவித்த வருத்தம், ஆயுள் வாழ்த்து அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன. "இதென்ன நியாயம், நீயே சொல்லு" என்று என் மனைவியிடம் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க" என்கிறாள்.