ஆன்டெனாவில் வராத ஆட்டம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்கு யாரிடமும் எதையும் 'வேண்டாம்' என்று சொல்ல வராது. கேபிள் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அதனால் செட்டாப் பாக்ஸை ஒரு பையில் போட்டு, கேபிள்கார செல்வம் அண்ணன் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். (நாய் மட்டும் பார்த்தது.)

எல்லாம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்த தைரியம். அலுமினியக் குழாய்களை வளைத்து மொட்டைமாடியில் நானே ஆன்டெனா கட்டினேன். மிச்சத்துக்கு நெட் இருக்கிறது, செல்போனை டிவியில் இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. மாமியார் அந்த ஆன்டெனாவைத் தனக்காகக் கட்டிய கொடி என்று நினைத்து வாளை மீனைக் காயப்போட்டார். காக்காய்கள்தான் முதலில் நிகழ்ச்சி நடத்தின.

அந்த வாரம், அப்போது ஆறாவது படித்த என் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடினாள். நான் வேலை பார்க்கும் ஐஸ் பிளான்ட்டில் லீவு கிடைக்காமல் நான் போகவில்லை. ஞாயிறு மாலை டிவியில் போடுவார்கள் என்றார்கள். நெடுங்காட்டிலிருந்து அக்காவையும் அத்தானையும், வரிச்சிக்குடியிலிருந்து மச்சினன் குடும்பத்தையும் நானே கூப்பிட்டேன். மகள் விழாவில் ஆடிய அதே பாவாடையோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

டிவியைப் போட்டேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிங்களத்தில் செய்தி வாசித்தாள்.

"இதுல நம்ம புள்ள எங்க?" என்றார் அத்தான்.

"இருங்கத்தான், வரும்."

மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பினேன். இறங்கி வந்தால் அதே பெண், கொஞ்சம் பச்சையாக. செல்போனை இணைத்து, "காரைக்கால் ஸ்கூல் டான்ஸ்" என்று அதனிடம் சத்தமாகச் சொன்னேன். யார் வீட்டுக் கல்யாணமோ, ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தார். அக்கா அதற்கும் கைதட்டினாள்.

"அது லோக்கல் சேனலுங்க," என்றாள் மனைவி மெதுவாக. "செல்வம் அண்ணன் நடத்துறது. கேபிள்ல மட்டுந்தான் வரும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கழட்டுறப்ப என்னைக் கேட்டீங்களா?"

மகள் பாவாடை ஜரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசியில் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு செல்வம் அண்ணன் வீட்டுக்கே போனோம். நான் அத்தான் முதுகுக்குப் பின்னால். (அத்தான் ஒல்லி.)

"வாங்க, வாங்க! யாரது பின்னால, ராசுவா?" என்றார் செல்வம் அண்ணன். "கேபிள்தான் வேணாம், டீயாவது குடிப்பியா?"

குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஆட்டம் வந்தது. மகள் கடைசி வரிசை. முன்னால் நின்றவளின் கொண்டைப் பூ அவளை முழுசாக மறைத்துவிட்டது. பாட்டு முடியும்போது பூவுக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை எழும்பியது.

"அப்பா, அதோ என் கை!"

வீடே அதிரக் கைதட்டினோம். செல்வம் அண்ணன் எழுந்து, உள்ளே சேனல் ஓட்டும் அறைக்குப் போய் அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். ஊர் முழுக்க இரண்டாம் தடவையும் என் மகளின் கை வந்தது.

மறுநாள் கேபிள் வந்துவிட்டது. ஆன்டெனாவை மாமியாரே வைத்துக்கொண்டார்.

மகள் இப்போது புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீடியோ காலில் வந்தால் முதலில் முகத்தைக் காட்டமாட்டாள். கையை மட்டும் நீட்டி ஆட்டுவாள்.

"அப்பா, படம் தெளிவா வருதா?"

நேற்றும் கேட்டாள். வருது புள்ள, வருது என்றேன்.

எழுதி முடித்தது ஐப்பசி நான்காம் தேதி, ஐஸ் பிளான்ட்டுக்கு லீவு போட்டு.