கரடி வேஷமும் பன்னிரண்டாவது புத்தகமும்

இனிமேல் என் வீட்டில் என் புத்தகத்தை நான் ஒளிந்து படிக்கப் போவதில்லை. தலை நிமிர்ந்து, நடுக்கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் படிப்பேன். இந்தத் தீர்மானத்தை நான் ஏகமனதாக நிறைவேற்றினேன். நிறைவேற்றிய இடம் குளியலறை. கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன்.

"உள்ள என்ன செய்திய?" வெளியிலிருந்து என் மனைவி முத்துச்செல்வி.

"குளிக்கேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கல?"

"சோப்புப் போடுதேன்."

"அரை மணி நேரமாவா? ஆளு குளிக்கியளா, இல்ல வெள்ளாவி வைக்கியளா?"

புத்தகத்தைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். தலை நனையவில்லை. அவள் தலையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். உள்ளே போய், காய்ந்த சோப்பை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

என் பெயர் பாண்டித்துரை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் வீடு. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் ஆபீஸில் வேலை. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம். சூப்பர் ஹீரோ புத்தகம்.

சூப்பர் ஹீரோ படம் அல்ல. படம் போட்டால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டுவிடுவேன். அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று சொல்கிற புத்தகம் இருக்கிறதே, அதுதான் என் பலவீனம். எல்லாம் இங்கிலீஷ். வழவழ தாள், அம்மிக்கல் கனம். பறக்கிறவன் இடுப்பில் கட்டிய கம்பி, மார்புச் சதைக்குள் திணித்த ஸ்பாஞ்ச், இடிந்து விழும் நகரத்தை மேஜைமேல் அட்டையில் செய்து வைத்தது, எல்லாம் அதில் இருக்கும். உலகத்தையே காப்பாற்றுகிறவனை நாலு பேர் பிடித்துத் தூக்கினால்தான் அவன் பறக்கிறான் என்று பார்க்கும்போது, என்னைப் போன்ற குடும்பஸ்தனுக்கு ஒரு ஆறுதல் வரும் பாருங்கள், அது தனி.

குளியலறைக்குள் போனதையும் சேர்த்து, அப்படிப் பதினொரு புத்தகம் சேர்ந்துவிட்டது. முத்துச்செல்வி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். பக்கத்துத் தெருக்களின் ரவிக்கையெல்லாம் அவள் கையில்தான். தைக்க வந்த துணிகள் தரையில் கிடக்க, அலமாரியில் என் வீரர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். ஒருநாள் அவள் சட்டம் போட்டாள்.

"இங்கன பாருங்க. பதினொண்ணு இருக்கு. பன்னெண்டாவது இந்த வாசப்படி ஏறுச்சு, பன்னெண்டும் சேந்து பழைய பேப்பர் கடைக்குப் போயிரும்."

"ஏளா, அதெல்லாம் பொக்கிஷம்!"

"எடைக்குப் போட்டா அவனும் அப்படித்தான் சொல்லுவான்."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. என் பழைய சைக்கிள் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நேரம் பார்த்தா பன்னிரண்டாவது வெளிவர வேண்டும்? பாதி மனிதன், பாதி மிருகமாக இருக்கும் ஒரு வீரனின் படம். அந்த மிருக ரோமத்தை ஒவ்வொன்றாக எப்படித் தைத்தார்கள் என்று தனி அத்தியாயமே உண்டாம். மூன்று நாள் மனசோடு மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் மனசு ஜெயித்தது. ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்தேன்.

கூரியர்காரர் பெட்டியோடு வந்து நின்றுகொண்டு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றார். அப்போதுதான் உறைத்தது. புத்தகம் ஆர்டர் செய்த ஆன்லைன் கணக்கு முத்துச்செல்வியின் போன் நம்பரில் இருந்தது. போன் போட்டேன்.

"உன் போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

"எதுக்கு?"

"கப்பல் கம்பெனில கேக்கான்."

"கப்பல் கம்பெனிக்காரன் எம்போனுக்கு எதுக்கு அனுப்புதான்?"

"இப்ப சிஸ்டம் அப்படி மாறிட்டு."

"அப்படியா? ஏழு, மூணு, மூணு, ஒண்ணு. கப்பல் பத்திரமா வந்துட்டா?"

"வந்துட்டு, வந்துட்டு."

நம்பிவிட்டாள் என்று நம்பினேன்.

அடுத்தது, புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. பூஜைக்கு வெற்றிலை வாங்குவது என் பொறுப்பு. ஒரு கட்டைப்பை எடுத்தேன். புத்தகத்தை அடியில் வைத்தேன். மேலே ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளியைப் பரப்பினேன். நூறு இலைக்குக் கீழே மூன்று கிலோ ரகசியம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"கொண்டாங்க" என்று பையை வாங்கினாள். அவள் கை சடக்கென்று கீழே இறங்கியது.

"ஒரு கவுளி வெத்தலை என்ன இவ்வளவு கனம்?"

"நல்ல வெத்தலை. தண்ணி தெளிச்சிருக்கான்."

"தாமிரவருணியவே தெளிச்சிருப்பான் போல."

பைக்குள் கையை விட்டாள். பன்னிரண்டாவது வெளியே வந்தது. அட்டையில் அந்த மிருக வீரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் வாசற்படியைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். பழைய பேப்பர் கடைத் தராசில் என் பன்னிரண்டு வீரர்களும் ஏறி உட்காருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"குலசைக்கு வேஷம் கட்டுதேன்!"

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் நேர்ந்துகொண்டு வேஷம் கட்டிப் போவார்கள். காளி, குறவன், ராஜா, குரங்கு, எது வேண்டுமானாலும். எங்கள் ஊரில் எதைப் பற்றியும் பொய் சொல்லலாம். வயது, சம்பளம், உறவு, ஒன்றுக்கும் கேள்வி கிடையாது. நேர்ச்சையைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது. வாயிலிருந்து வந்துவிட்டால் நேர்ந்ததுதான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"வேஷம் கட்ட நேந்துருக்கேன்ளா. அதுக்கு உடுப்புத் தைக்கணும்லா? எப்படித் தைக்கன்னு இதுல போட்டிருக்கு. அம்மன் சத்தியமா அதுக்குத்தான்."

முத்துச்செல்வி கோபப்படவில்லை. கை கழுவிவிட்டு வந்தாள். புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். மிருக வீரன் நெற்றியில் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். மஞ்சள் துணியில் கட்டிப் பூஜை அலமாரியில் ஏற்றினாள்.

"நேர்ச்சைப் பொருளு. விரதம் முடியிற வரைக்கும் நீங்க தொடக் கூடாது."

"ஏளா, வேஷம் கட்டுற ஆளு நான்லா!"

"தைக்கிற ஆளு நான்லா! எத்தனை நாள் விரதம்?"

"பதினோரு நாளு போதும்."

"நாப்பத்தொண்ணு. என்ன வேஷம்?"

"போலீஸ். உடுப்பு வாடகைக்கே கெடைக்கும்."

"போலீஸ் வேஷத்துக்கு எதுக்கு மூணு கிலோ புக்கு?"

நியாயமான கேள்வி. பதிலையும் அவளே சொன்னாள்.

"கரடி வேஷம். நான் தைக்கேன்."

மாலை போட்டாயிற்று. சிவப்பு வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் பாய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். மீன் இல்லாமல் நாற்பத்தொரு நாள் என்றால் எப்படி? கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது விரதம் இல்லை, நாடு கடத்தல். அடுத்த வீட்டில் இன்பமணி டீச்சர் ஞாயிறு தவறாமல் சீலா மீன் பொரிப்பார். அந்த வாசம் சுவரைப் பற்றிக் கவலைப்படாது. நேராக என் பாய்க்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

"தம்பி, இளைச்சிட்டியளே!" என்பார் சன்னல் வழியாக.

"விரதம் டீச்சர்."

"நல்லது, நல்லது. நான் வேணும்னா சன்னலைச் சாத்திக்கிடவா?"

"வேண்டாம் டீச்சர். அதாவது கெடைக்கட்டும்."

மீனைவிடப் பெரிய சோதனை பூஜை அலமாரி. இரண்டு வேளையும் அதன் முன்னால் நின்று கும்பிட வேண்டும். கண்ணை மூடினால் அம்மன் தெரிந்தாள். திறந்தால் மஞ்சள் துணி தெரிந்தது. என் புத்தகம். நான் வாங்கியது. நான் மட்டும் பார்க்க முடியாதது.

உள் அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், "விரதக்காரவுக பராக்குப் பாக்கக் கூடாது" என்று கதவைச் சாத்தினாள். நான் ஆபீஸ் போன பிறகு அவள் மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்த ரோம அத்தியாயத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள் என்று எனக்குள் ஒரே எரிச்சல். போதாததற்கு, தோசை ஊற்றிக்கொண்டே ஒருநாள், "தோளுக்கு ஒரே ஸ்பாஞ்சா வச்சா மடங்காதுங்க, மூணு துண்டா வெட்டணும்" என்றாள். நாற்பத்தொரு நாளில் அதுதான் என்னைக் கண் கலங்க வைத்தது.

விஜயதசமி அன்று காலையில் உடுப்பை வெளியே கொண்டுவந்தாள். கன்னங்கரேலென்று ரோமம். ஊதிய மார்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று இரண்டு தோள்கள். உள்ளே நுழைந்து நின்றேன். முதுகுப் பக்கம் வந்து ஜிப்பைப் பிடித்தாள்.

"ஏங்க, வேற வேஷமே இல்லாத மாதிரி ஏன் கரடின்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"புக்கில மிருகம் இருக்குன்னுதான?"

"இல்ல." ஜிப் இடுப்புவரை ஏறியது. "கப்பல் கம்பெனில கேக்கான்னிய. வெத்தலையில தண்ணி தெளிச்சிருக்கான்னிய. நேந்துருக்கேன்னிய. வரிசையாக் கரடி விட்டிய. விட்ட கரடியெல்லாம் ஊருக்குள்ள அலையக் கூடாதுல்லா? அதான் ஒண்ணாப் பிடிச்சுத் தச்சுட்டேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஓடிபி வந்தப்பவே. நாலு நம்பருக்குக் கீழயே புக்குப் பேரு போட்டிருந்துச்சு."

"அப்ப ஏன்ளா என்னைய நாப்பத்தொரு நாளு..."

"பொய்யோ மெய்யோ, அம்மன் பேரைச் சொல்லிட்டிய. அதுக்குப் பெறகு அதைப் பொய்யின்னு சொல்ல நான் யாரு?"

ஜிப் கழுத்துவரை ஏறியது. கரடித் தலையை எடுத்து என் தலையில் மாட்டினாள். உள்ளேயிருந்து நான் ஆவேசமாக நாலு வார்த்தை சொன்னேன். வெளியே அது உறுமலாகத்தான் கேட்டது. வாசலில் நின்ற இன்பமணி டீச்சர் கைதட்டினார்.

"அப்படியே நெசக் கரடி தம்பி!"

குலசைக் கடற்கரையில் அன்று மணல் கொதித்தது. மேளச் சத்தத்தில் காது அடைத்தது. திரும்பின பக்கமெல்லாம் வேஷம். என்னோடு வந்த இரண்டு கரடிகள் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. எனக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. முதுகில் ஜில்லென்றிருந்தது. விலாவில் ஜில்லென்றிருந்தது. தடவிப் பார்த்தேன். உடுப்பின் உள்பக்கம் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, உறைய வைத்த தண்ணீர்ப் பொட்டலங்களைச் செருகி வைத்திருந்தாள். குலசையிலேயே குளிர்ந்த கரடி நான்தான்.

முத்துச்செல்வியின் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுதேன். கரடிக்குள் அழுதால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. சந்நிதியில் நின்று, "தாயே, பொய்தான் சொன்னேன், ஆனாலும் வந்துட்டேன்" என்று மனசாரக் கும்பிட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாலையைக் கழற்றியாயிற்று. வீடெல்லாம் மீன் குழம்பு வாசம். முத்துச்செல்வி மஞ்சள் துணிக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. பன்னெண்டாவது. அலமாரில வச்சுக்கிடுங்க. கடைக்கெல்லாம் போடல."

அவிழ்த்தேன். சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அதற்குக் கீழே, அச்சகத்தில் சுற்றிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை.

"ஏளா, இதை நீ பிரிக்கவே இல்லையா?"

"நேர்ச்சைப் பொருளை யாராவது பிரிப்பாவளா?"

"அப்ப அந்த ரோமம்? ஸ்பாஞ்ச் சதை? அந்த ஐஸ் பை?"

"அலமாரில பதினொண்ணு இருக்குல்லா. நீங்க ஆபீசுக்குப் போன பெறகு ஒவ்வொண்ணா வாசிச்சேன். போன வருசமே முடிச்சாச்சு."

அவள் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்தது. அதற்குப் பிறகு அது என் ஞாபகத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் இந்தத் தெருவில் நான்தான் பண்டிதன்.

"ஐஸ் பை எதுல இருந்துச்சு?"

"ஏழாவது புக்கு."

"சும்மா சொல்லாத! ஏழாவதை நான் நாலு தடவை படிச்சிருக்கேன். அதுல ஐஸ் பையே கெடையாது."

முத்துச்செல்வி என் தட்டில் சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். பெரிய துண்டு மீனாகப் பார்த்து எடுத்து வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"அது படம் இல்லாத பக்கத்துல இருக்கு."